ஒதுக்கி வைத்த செம்பு

பிரசவ வீட்டில் மதலேனாள் முதலில் கேட்பது ஒரு செம்புத் தண்ணீர். அதைச் சுவரோரம் மாதா படத்துக்குக் கீழே மூடி வைத்துவிடுவாள். யாரும் தொடக்கூடாது. பிள்ளை தங்காது என்று தெரிந்தால் சாமியாருக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது. மருத்துவச்சியே அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றி பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று நாமத்தையும் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். ஆதாமும் ஏவாளும் வைத்துப்போன சென்மப்பாவம் அதில்தான் கழுவப்படும். கழுவாமல் போன பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. மதிலுக்கு வெளியே கள்ளி ஓரமாகப் புதைப்பார்கள். சிலுவையும் நட மாட்டார்கள்.

கூடலூருக்குக் கிழக்கே, கோயில் தெருவில், மிக்கேலின் மனைவி இருதயம்மாளுக்கு மாசி மாதம் ஒரு காலையில் நாள் முந்தி வலி எடுத்தது. அவளுக்கு அது தலைப்பிரசவம். மிக்கேல் மலைமேல் பெரியாற்று அணை வேலைக்குச் சுண்ணாம்பு வண்டி ஓட்டப் போயிருந்தான். ஆற்றையே இந்தப் பக்கம் திருப்பிவிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவனுடைய வீட்டில், மதலேனாள் ஒதுக்கி வைத்த செம்பைத் தவிர, சொட்டுத் தண்ணீர் இல்லை. மாமியார் இன்னாசியம்மாள் குடத்தோடு ஆற்று மணலில் ஊற்று இறைக்கப் போயிருந்தாள். வெந்நீர் போடுவதற்கும் அந்தக் குடம்தான் வந்தாக வேண்டும்.

வலிக்கு நடுவே இருதயம்மாள் தண்ணீர் கேட்டாள். இப்ப வந்துரும் என்றாள் மதலேனாள். மறுபடியும் கேட்டாள். உதடு வெடித்திருந்தது. கண் அந்தச் செம்பிலேயே நின்றது. பிள்ளை வர இன்னும் நேரம் கிடக்கு, அதற்குள் கிழவி குடத்தோடு வந்துவிடுவாள் என்று மதலேனாள் கணக்குப் போட்டாள். மூடியை எடுத்தாள். அந்தப் பெண் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மிச்சமில்லையே என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கிழவி வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. ஆண் பிள்ளை. கொடி கழுத்தைச் சுற்றி, உடம்பு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விட்டு விட்டு இழுத்தது. மதலேனாள் பக்கத்து வீட்டுக்கு ஓட எழுந்தாள். வாசல் தாண்டுவதற்குள் அந்த மூச்சும் நின்றுவிடும் என்று தெரிந்தது. அடுப்படிக் கலயத்தில் முந்தின நாள் நீராகாரம் இருந்தது. அதைக் கையில் அள்ளி ஊற்றி நாமத்தைச் சொன்னாள். பிள்ளை இரண்டொரு தரம் வாயைத் திறந்து மூடி, அடங்கிப்போனது. நெற்றியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, ஊத்துனது ஞானஸ்நானத்துல சேந்துச்சா?" என்று கேட்டாள் இருதயம்மாள்.

மதலேனாளுக்குச் சாமியாரின் பாடம் நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் சாமியார் மருத்துவச்சிகளை உட்கார வைத்துச் சொல்வார். குட்டைத் தண்ணீரானாலும் தண்ணீராக இருக்க வேண்டும். பால் செல்லாது, கஞ்சி செல்லாது, நீராகாரம் செல்லாது. யாரு சாமி பிள்ள தலையில கஞ்சிய ஊத்துவா என்று அப்போது சிரித்தவர்களில் இவளும் ஒருத்தி.

"செல்லாதுன்னு சாமி சொல்லியிருக்காக ஆத்தா."

"நான் குடிச்சதாலதான."

"குடுத்தது நானு."

"கேட்டது நான்ல."

அந்நேரம் இன்னாசியம்மாள் நிறைகுடத்தோடு வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். குடத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். செம்புத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றே நினைத்துக்கொண்டு, உபதேசியாரை அழைத்துவரப் போனாள்.

சாமியார் இல்லாத நாளில் அடக்கமெல்லாம் உபதேசியார் மரிய ஜோசப்தான். முட்டை ஞாயிற்றுக்கிழமை இட்டதா என்று கோழியிடமே விசாரிப்பாக என்று அவருடைய கறாரைப் பற்றித் தெருவில் கேலி உண்டு. ஆனால் அவரைக் கொடியவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய தலைப்பிள்ளையே கள்ளி ஓரத்தில்தான் கிடக்கிறது.

அவர் வருவதற்குள் இருதயம்மாள் மதலேனாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் என்றே சொல்லிவிடும்படி கெஞ்சினாள். சொன்னால் மட்டும் பிள்ளை மோட்சம் போய்விடுமா, ஆண்டவரை ஏமாற்ற முடியுமா என்றாள் மதலேனாள்.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். கள்ளிக்குள்ள நரி தோண்டுதே, அதும் அவருக்குத் தெரியும்ல?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏவா தின்னதுக்கு எம் பிள்ளையக் கேட்டுக்கிட்டா பாவத்தக் குடுத்தாக? இந்தப் பாவத்த நானே கேட்டு வாங்கிக்கிறேன். நீ சும்மா இரு அத்தை. நான் சொல்லிக்கிறேன்."

மதலேனாள் குனிந்து பிள்ளையின் நெற்றியிலிருந்து அந்தப் பருக்கையை எடுத்தாள். எடுத்த பிறகுதான், நீராகாரத்துக்கு இருந்த சாட்சியை அழித்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

உபதேசியார் தீட்டு வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். உயிர் இருக்கும்போதே ஊற்றியதா என்று கேட்டார். இருந்தது என்றாள் மதலேனாள். அது உண்மை.

"தண்ணிதான?"

"தண்ணிதான். நான் பாத்தேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தாயி, உன்னக் கேக்கல. ஊத்துன கை சொல்லணும்."

மதலேனாள் வாசலைப் பார்த்தாள். நிஜத்தைச் சொன்னால் கள்ளி. பேசாமல் நின்றால் உள்ளே கிடக்கிறவள் பொய்க்காரி, அப்போதும் கள்ளிதான். அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பிசாசு காதில் ஓதவும் இல்லை. ஓதியிருந்தாலாவது பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

"செம்புத் தண்ணி. ஒதுக்கி வச்சது" என்றாள்.

உபதேசியார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். இருதயம் என்று தாய் சொன்னாள். சாயங்காலம் மதிலுக்குள்ளே அடக்கம் நடந்தது. சின்னதாக ஒரு மரச்சிலுவையும் நட்டார்கள். வழியில் கள்ளி ஓரத்தைக் கடக்கும்போது உபதேசியார் செபத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அப்புறம் தொடர்ந்தார். மதலேனாள் அதைக் கவனித்தாள்.

பங்குனியில், இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் சாமியார் வந்தார். வெள்ளைக்காரர், தமிழ் புத்தகம் போலப் பேசுவார். பெண்கள் வரிசையில் நின்று மதலேனாள் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைக் கொடுத்துக் கேட்டார். இங்கே கேட்டதை அவர் வெளியே சொல்ல முடியாது, பிள்ளையை எடுத்து மாற்றிப் புதைக்கச் சொல்லவும் முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

குழந்தையை ஆண்டவருடைய இரக்கத்தில் விட்டுவிடுவோம் என்றார். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தது பாவமல்ல என்றார். "அந்தப் பொய்க்காக மனஸ்தாபப்படுகிறாயா, வருந்துகிறாயா?"

"பிள்ள போனதுக்கு மனசு கெடந்து வேகுது சாமி."

"பொய்யைப் பற்றிக் கேட்கிறேன்."

"உபதேசியாரு நாளைக்குத் திரும்பக் கேட்டாகன்னாலும் தண்ணின்னுதான் சொல்லுவேன்."

"அம்மா, வருத்தப்படாத பாவத்தை மன்னிக்க எனக்கு அதிகாரமில்லை. மனசு திரும்பும்போது வா. நான் காத்திருப்பேன்." அவர் குரல் இளகியிருந்தது. அதனால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் கோபப்பட்டுக்கொண்டாவது எழுந்திருக்கலாம்.

எழுந்து வந்தபோது வரிசையில் அடுத்ததாக இருதயம்மாள் நின்றாள்.

"அத்தை, தண்ணி குடிச்சதையும் சொல்லணுமா?"

"தாகத்தப் போயி யாராச்சும் பாவத்துல சேப்பாகளா? பொய் சொன்னத மட்டும் சொல்லு. வருத்தப்படுறியான்னு கேப்பாக."

"என்ன சொல்ல?"

"அத நான் சொல்லித்தர முடியாதுத்தா. நீ சொன்னத யாரும் நம்பி அடக்கம் பண்ணல. எம் பொய்யத்தான் நம்பினாக. ஆனாலும் வருத்தப்படுறேன்னு சொல்லிட்டு வெளிய வா."

மறுநாள் பூசையில் சாமியார் நாவில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்க எல்லாரும் முன்னே போனார்கள். பாவமன்னிப்பு இல்லாமல் அதை வாங்கக்கூடாது என்பதால் மதலேனாள் கடைசியில் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பிரசவம் பார்க்கிறவளே நன்மை வாங்கவில்லையே, என்ன செய்தாளோ என்று முந்தானைகளுக்குள் பேச்சு ஓடியது. அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். இருதயம்மாள்.

"போத்தா" என்றாள் மதலேனாள் மெதுவாக. "உனக்காகத்தான அந்தப் பாவத்த நான் வாங்கிக்கிட்டேன். முன்னால போ."

இருதயம்மாள் அசையவில்லை. முன்னாலிருந்து இன்னாசியம்மாள் திரும்பி மருமகளை முறைத்துப் பார்த்தாள்.

"வருத்தம்னு வாயில வரல அத்தை" என்றாள் இருதயம்மாள்.

மதலேனாள் அவளைப் பிடித்துத் தள்ளக் கையை எடுத்தாள். எடுத்த கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.