உலன்லோ என்கிற வீட்டுப் பெயர்

வில்மினா உலன்லோ தன் குடும்பப் பெயரைச் சொல்லுமுன் ஒரு கணம் நிறுத்துவாள். வங்கியிலோ மருந்துக் கடையிலோ எதிரில் இருப்பவர் "எப்படி எழுதணும்?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அவள் முகம் மலர்ந்துவிடும். "அபூர்வமான பேருங்க. ஆந்தைத் தோப்புன்னு அர்த்தம்" என்று அவள் ஆரம்பித்தாலே பின்னால் நிற்பவர்கள் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

நான் டினி. உலன்லோ பண்ணைக்கு அடுத்த பண்ணை எங்களுடையது. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரர் என்பது சாதாரண உறவில்லை. குழந்தை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவர் அவர்தான். அதனால் வில்மினாவுக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். பாதி என் சமையலறையிலேயே நடந்தது.

பண்ணையை அவள் தம்பி ஹெரிட் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயரும் உண்டு. வில்மினா விண்டர்ஸ்வைக் டவுனில் தனியாக இருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவள் கூடத்துச் சுவரில் நாட்டின் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. உலன்லோ என்ற பெயருள்ள ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு சிவப்புக் குண்டூசி. எங்கள் கிழக்குப் பக்கம் ஒரு கொத்து, ஸ்வோல் நகரத்தில் இன்னொரு சின்னக் கொத்து. அப்புறம் எல்லாவற்றையும் விட்டு விலகி, நாட்டின் தெற்கே பிரெடாவில் ஒரே ஒரு ஊசி.

அந்த ஒற்றை ஊசியின் பெயர் த்வான் உலன்லோ. பிரெடாவில் பஸ் ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். வில்மினா அவருக்கு முதலில் போன் செய்தபோது இன்ஷூரன்ஸ் விற்கிறாள் என்று நினைத்து வைத்துவிட்டார். மறுபடி செய்தாள், மறுபடியும் வைத்துவிட்டார். மூன்றாம் முறை இவள் எடுத்த எடுப்பிலேயே, "வெச்சுடாதீங்க, என் பேரும் உலன்லோதான்" என்றாள். அவர் சொன்னாராம்: "எங்கப்பா செத்ததுக்கு அப்புறம் இந்தப் பேரை வேற ஒரு வாயால இப்பதாங்க கேக்குறேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் குடும்ப நாளுக்கு அவர் தவறாமல் வந்தார். ஹெரிட்டின் பண்ணையில் நீள மேசை போட்டு, கோதுமை மாவில் பன்றி வயிற்றுக் கொழுப்பு வைத்து அப்பம் சுடுவோம். த்வான் தெற்குப் பக்கத்து இறைச்சி ரொட்டிகளைப் பெட்டி நிறையக் கொண்டுவருவார். வந்தவர்களிடமெல்லாம் வில்மினா அவரை, "இவர் எங்க தெற்குப் பங்காளி" என்று அறிமுகம் செய்வாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிடாத குறையாகத் தலையசைப்பார்.

பெயர் எப்படி வந்தது என்பதற்கு வில்மினாவிடம் ஒரு கதை இருந்தது. கேடயத்தில் ஆந்தை பொறித்த ஒரு குதிரைவீரன் இந்தத் தோப்பில் கோட்டை கட்டினான், அவன் ரத்தம்தான் நாங்கள் எல்லாரும் என்பாள். அதற்காக ஆந்தை முத்திரையோடு மோதிரம்கூடச் செய்து போட்டிருந்தாள்.

"கோட்டை எங்கக்கா போச்சு? மாட்டுக் கொட்டாய்க்கு அடியிலயா?" என்பான் ஹெரிட்.

"நீ சிரி. உன் மூக்கைக் கண்ணாடில பாரு. அது குதிரைவீரன் மூக்கு."

"அம்மா மூக்குன்னுல்ல நெனச்சேன்."

முன்பு ஒரு காலத்தில் கால்நடை மருத்துவர் யான்சன் அவளைப் பெண் கேட்டார். நல்ல மனிதர், நிலம் இருந்தது. அவள் மறுத்துவிட்டாள். தடுக்கி விழுந்தால் ஒரு யான்சன்மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு மலிந்த பெயரை அவள் எப்படிச் சுமப்பாள் என்று ஊரே பேசியது. நான் ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"பேரு ஒரு பக்கம் இருக்கட்டும் டினி. அந்த ஆளு பேசும்போது புகையிலை நாத்தம். மாடு பொறுத்துக்கும், நான் எதுக்குப் பொறுத்துக்கணும்?" என்றாள். ஆனால் ஊர் சொன்ன காரணத்தையும் அவள் மறுக்கவில்லை.

குதிரைவீரன் கதையை நிரூபித்தே தீருவது என்று போன வருடம் அவளுக்கு ஒரு வேகம் வந்தது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால், ஆண் வழியில் யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லிவிடுவார்களாம். ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு ஆணைப் பிடித்தாள். இங்கே ஹெரிட், ஸ்வோலில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் எவர்ட், பிரெடாவில் த்வான். ஹெரிட் வாயைத் திறக்க மறுத்தான். "மாட்டுக்கு ஊசி போடறப்போ நீ அதோட சம்மதம் கேக்குறியாடா?" என்று சொல்லிக் குச்சியை உள்ளே விட்டுவிட்டாள்.

முடிவு வந்தும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. குடும்ப நாளன்று எல்லார் முன்னிலையிலும் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அப்பம் தின்று முடித்து, காபி ஊற்றியபின் நாற்காலியில் ஏறி நின்றாள். கைபேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியை உரக்கப் படித்தாள். அடுத்த வரியில் குரல் இறங்கியது. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது.

"என்னக்கா, என்ன போட்டிருக்கு?" என்றான் ஹெரிட்.

"மூணு பேரும் சொந்தமில்லையாம்."

"யாருக்கு யாரு?"

"யாருக்கும் யாரும். மூணும் மூணு வேற வேற வழி. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

ரொட்டிக்கடை எவர்ட் காபியைக் கீழே வைத்து, "அப்போ நம்ம பாட்டனுங்க ஊர்ல இல்லாதப்போ பாட்டிங்க சும்மா இருக்கல போல" என்றார். அவ்வளவுதான், மேசை உடைகிற மாதிரி சிரிப்பு. என் கணவர் ஹென்ட்டுக்கு அப்பம் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தாள். குளிர் காற்று. அவளுடைய மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நான் போவதற்குள் த்வான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்காராமல், கொஞ்சம் தள்ளிக் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் வில்மினா. "எல்லாரும் ஒரே ரத்தம், ஒரே ரத்தம்னு."

"நல்லாத்தான் சொன்னீங்க. நான் நம்பினேன்."

"நம்பாதீங்க. நான் ஒரு முட்டாள்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். "இதை நானே பாடம் நடத்தியிருக்கேன் த்வான். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகைல படம் போட்டு நடத்தியிருக்கேன். அந்தக் காலத்துல இந்தப் பக்கம் பேரு மனுஷனுக்குச் சொந்தமில்ல, வீட்டுக்குச் சொந்தம். பண்ணைக்கு யாரு குடி வந்தாலும் பண்ணையோட பேருதான் அவனுக்கு. வீட்டோட மாப்பிள்ளையா வந்தாலும் சரி, விதவையைக் கட்டிக்கிட்டு வந்தாலும் சரி, குத்தகைக்கு வந்தாலும் சரி. பக்கத்துப் பண்ணைங்க எல்லாத்தையும் உதாரணம் சொல்லி நடத்தினேன். எங்க பண்ணைய மட்டும் விட்டுட்டேன்."

"அப்போ என் முப்பாட்டனாரு?"

"ஏதோ ஒரு காலத்துல இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்து, அப்புறம் பேரோட தெற்கே போனவரா இருப்பாரு. எங்க முப்பாட்டனாரும் வேற ஒரு சமயம் வந்து சேர்ந்தவருதான். எவர்ட்டோட முப்பாட்டனாரும் அப்படித்தான்."

"பாட்டிங்க மேல தப்பில்ல."

"ஒரு தப்பும் இல்ல. பாவம், முதல்ல போய் எவர்ட் வாயை அடைக்கணும்."

த்வான் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். "வில்மினா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு வருத்தமா இருக்கு, புரியுது. எனக்கு அந்த வரியக் கேட்டதும் வருத்தமே வரல."

"ஏன்?"

"நீங்க என்னைப் பங்காளின்னு கூப்பிடறப்பல்லாம் எனக்கு இங்க ஒரு குத்து விழும்" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். "இனிமே கூப்பிட முடியாதுல்ல."

வில்மினாவுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. பள்ளிக்கூட நாள் முதல் அவளைத் தெரியும் எனக்கு, அப்படிச் சிவந்து பார்த்ததில்லை. நான் கோட்டை வேலிமேல் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். அன்று அவளுக்குக் கோட்டு தேவைப்பட்டிருக்காது.

அந்த இலையுதிர்காலம் முழுக்க த்வான் தன் ஓய்வு நாட்களில் ரயிலேறி வந்தார். நாடு முழுக்கக் குறுக்கே வர வேண்டும், இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஊரில் ஒருவர் விடாமல் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் அப்படித்தான், கேட்காமலே எல்லாம் தெரிந்துகொள்ளும். ஹெரிட் மட்டும் என்னிடம் வந்து, "டினி, அக்கா சீட்டியடிச்சிட்டுப் பாத்திரம் கழுவுது. டாக்டர்கிட்ட காட்டணுமா?" என்றான்.

பனிக்காலத்தில் ஒரு காலை வில்மினா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த மனுஷன் கேட்டுட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். சொல்லிட்டு மனுஷன் ஷூ மாட்டறதுக்குள்ள சரின்னுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருகிட்ட புகையிலை வாசனையே இல்ல டினி" என்றாள்.

கல்யாணத்துக்குப் பதிவு செய்ய ஊராட்சி அலுவலகத்துக்குப் போனபோது சாட்சி என்ற முறையில் நானும் கூடப் போனேன். முகப்பில் இருந்தவள் சின்னப் பெண், வேலைக்குப் புதிது. எல்லாம் எழுதி முடித்துவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலக் கேட்டாள்: "மேடம், கல்யாணத்துக்கு அப்புறம் எந்தப் பேரை வெச்சுக்கப் போறீங்க? உங்க பேரையே வெச்சுக்கலாம். கணவர் பேரை வெச்சுக்கலாம். இல்ல உங்க பேரை முன்னாடி போட்டு அவர் பேரைப் பின்னாடி போடலாம். அவர் பேரை முன்னாடி போட்டு உங்க பேரைப் பின்னாடியும் போடலாம்."

த்வான் கூரையைப் பார்த்தார். நான் என் கைப்பையைப் பார்த்தேன்.

"இதெல்லாம் ஒண்ணுதானேம்மா" என்றாள் வில்மினா.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். காது சிவந்தது. "ஆனா ஏதாவது ஒண்ணைச் சொன்னாத்தான் அடுத்த பக்கம் போகும் மேடம்."

வில்மினா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தன் பெயரைத்தான் சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். யான்சனுக்கும் ஊருக்கும் எதிராக அத்தனை வருடம் காப்பாற்றி வைத்த பெயர் அல்லவா.

"கணவர் பேரையே போட்டுக்கோம்மா" என்றாள்.

த்வான் அவளைத் திரும்பிப் பார்த்தார். மேசைமேல் இருந்த அவள் கையுறையை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது அவளுடையது என்று வெளியே வந்தபின் நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

கல்யாணம் மே மாதத்தில், பண்ணையிலேயே. முந்தின வாரம் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஹெரிட்டின் களஞ்சியத்தில் கூடி, பைன் கிளைகளை வளைத்துக் கட்டித் தோரணம் செய்தோம். பெண்கள் சிவப்புக் காகிதத்தில் ரோஜா மடித்தோம். ஆண்கள் மடித்தவை முட்டைக்கோசு மாதிரி இருந்தன, அவற்றைப் பின்பக்கம் செருகினோம். எவர்ட் ஸ்வோலிலிருந்து ஆள் நீளத்துக்கு உலர்திராட்சை ரொட்டி சுட்டு, ஏணியில் கட்டி, வேன் கூரைமேல் கொண்டுவந்தார். பாட்டிமார்களிடம் மன்னிப்புக் கேட்கும் ரொட்டி என்றார்.

காலையில் தூறல் போட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் தோரணத்துக்குக் கீழே நின்ற சமயம் பார்த்துக் காகித ரோஜாக்களிலிருந்து சாயம் சொட்ட ஆரம்பித்தது. வில்மினாவின் வெள்ளைக் கோட்டின் தோளில் சிவப்புச் சொட்டு, த்வானின் வழுக்கைத் தலையில் இன்னொன்று.

"உள்ள வாங்க, நனையாதீங்க" என்று நான் கத்தினேன்.

"இருக்கட்டும் டினி" என்றாள் அவள். தன் கைக்குட்டையால் அவர் தலையைத் துடைத்தாள். சாயம் இன்னும் பரவி, அவருக்கு ஒரு பெரிய ரோஜாவே பூத்தது. இருவரும் சிரித்துச் சிரித்து ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாயங்காலம் பாட்டு உச்சத்தில் இருந்தபோது கொட்டிலில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. ஹெரிட் புது சூட்டோடு எழுந்து, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பால் கறக்கப் போனான். அவன் தனியாகப் போகிறானே என்று ஹென்ட் போனார். எவர்ட் கோப்பையோடு போனார். அப்புறம் அக்கார்டியன்காரரும் வாசித்துக்கொண்டே பின்னால் போக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் முழுக்க மாட்டுக் கொட்டிலுக்குள் வந்துவிட்டது. பால் கறக்கும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், வைக்கோல் மிதிபட, த்வான் தன் பெண்டாட்டியோடு ஆடினார்.