நேராக வரும் விமானம்

நனைத்த பஞ்சால் அப்பாவின் உதடுகளை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா மறுபடியும் கேட்டாள்.

"அண்ணன் இப்ப எங்க இருப்பான்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. நம்மூர் நேரப்படி ஒரு மணிக்குக் கிளம்பிய விமானம். மொத்தம் மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், மணிக்கு எண்ணூறு.

"பாதி தூரம்கூட வரலம்மா. கடலுக்கு மேல இருப்பான். அஞ்சரைக்கு இறங்கிடுவான்."

அம்மா கட்டிலின் மேல் குனிந்தாள். "கேட்டீங்களா? நம்ம கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டா வந்த மனுசன், இப்ப மட்டும் என்ன அவசரம்? கொஞ்சம் பொறுங்க."

அப்பாவின் கண்கள் திறக்கவில்லை.

நேற்று அண்ணன் போனில் கேட்டிருந்தான். "ரெண்டு ஃப்ளைட் இருக்கு. எதுல வரட்டும்? நீதானே நம்ம வீட்டுக் கணக்குப்புலி." அவள் இரண்டையும் நோட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தாள். வழியில் ஓர் ஊரில் மாறி வந்தால் எட்டு மணி நேரம். நேராக வந்தால் நாலரை. "நேரா வா. மூணரை மணி நேரம் மிச்சம்" என்றாள். சொல்லுமுன் இரண்டு தடவை சரிபார்க்கவும் செய்தாள்.

மாறி வரும் விமானம் காலை ஆறு மணிக்கே கிளம்புகிறது. அதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஆறும் எட்டும் பதினான்கு. இரண்டு மணிக்கு இறங்கியிருப்பான். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம்.

அவள் கதவைப் பார்த்தாள். அது திறந்தது. நர்ஸ்.

நர்ஸ் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "பையன் எத்தனை மணிக்கு வர்றாரு?"

"அஞ்சரைக்கு."

நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாள்.

மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. அவள் எண்ணினாள். ஏழு. ஒன்பது. பதினொன்று. எண்ணக்கூடாது என்று நினைத்தாள். மனம் தானாகவே எண்ணியது. கடைசியில் முப்பதைத் தாண்டியும் அடுத்த மூச்சு வரவில்லை. மணி மூன்று பத்து.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "இறங்கினதும் போன் பண்ணுவான். போன்ல சொல்லாத. தனியா வர்றான்."

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. அவள் வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

"இறங்கிட்டேன்! டாக்சில ஏறிட்டேன். நல்லவேளை உன்னக் கேட்டேன். அதுல வந்திருந்தா நடுவுல எங்கயோ மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன். அப்பா முழிச்சிருக்காரா?"

"நீ வா அண்ணா."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"காலையிலேர்ந்து சாப்பிடல. வா. அஞ்சாவது மாடி."

ஆறரைக்கு, கீழே வந்துவிட்டதாகச் சொன்னான். அவள் லிஃப்டின் முன்னால் போய் நின்றாள். கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் மாறின. ஒன்று. இரண்டு. மூன்றில் லிஃப்ட் நின்றது. யாரோ ஏறுகிறார்கள் போலிருந்தது, ஸ்ட்ரெச்சராகவும் இருக்கலாம். எண் மாறவில்லை. அவள் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.