இரண்டு சி.எஸ்.ஆர்.

சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்துக்கு நம் ஊரில் இரண்டு பொருள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு ஒரு ரசீது தர வேண்டும். அந்த ரசீது சி.எஸ்.ஆர். அது கையில் இல்லையென்றால் நீங்கள் புகாரே கொடுக்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடும் நிதி. அதைக் கேட்கும் அறக்கட்டளை மத்திய அரசிடம் பதிந்து ஓர் எண் வாங்கியிருக்க வேண்டும். அதற்கும் சி.எஸ்.ஆர். நம்பர் என்றுதான் பெயர்.

மேனாம்பேட்டிலுள்ள ‘நீதிக்கதவு’ அறக்கட்டளைக்கு வேண்டியிருந்தது இரண்டாவது எண். ஏழைகளுக்கு நீதி கிடைக்க உதவும் திட்டங்களுக்கு டெல்லிக் கம்பெனி ஒன்று நிதி தருவதாக அறிவித்திருந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. ‘இதுவரை எத்தனை பேருக்கு உதவினீர்கள்’ என்ற கட்டத்தில் இயக்குநர் பரந்தாமன் 1,240 என்று நிரப்பியிருந்தார். விழிப்புணர்வுக் கூட்டங்களில் தேநீர் குடித்தவர்களின் எண்ணிக்கை அது. பழைய நிதியில் மண்டபம், பேனர், தேநீர், புகைப்படம் ஆகியவற்றுக்குத்தான் செலவுத் தலைப்பு இருந்தது. ஒருவருடன் காவல் நிலையத்துக்குப் போய்வரத் தலைப்பு இல்லை. ஆகவே யாரும் போனதில்லை.

முதல் எண் வேம்புலியம்மாளுக்கு வேண்டும். தொழிற்பேட்டையில் துப்புரவு வேலை பார்ப்பவள். வாடகை வீட்டை உடனே காலி செய்ய மறுத்ததால் வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். உள்ளே மகளின் மதிப்பெண் சான்றிதழ். வெள்ளிக்கிழமை கல்லூரிச் சேர்க்கை. நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டார்கள், ரசீது தரவில்லை. அவள் நான்கு நாளாக அறக்கட்டளைக்கு வந்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன கிருஷ்ணப்பிரியாவிடம் ஒன்றையே சொன்னாள்: “சி.எஸ்.ஆர். வாங்கிக் குடும்மா.”

புதன் மதியம் பரந்தாமன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். “ஏம்மா, அந்த சி.எஸ்.ஆர். நம்பர் இன்னும் வரலை. நேர்ல போய் உட்கார்ந்துடு. அஞ்சு மணிக்குள்ள டெல்லிக்குப் போகணும். வாங்காம இந்தப் பக்கம் வராதே.”

அவர் சொன்னது, அறக்கட்டளைக்கு அந்த எண்ணைப் பதிந்து வாங்கித் தரும் ஆடிட்டரின் ஆவடி அலுவலகத்தை. கிருஷ்ணப்பிரியாவுக்கு ஒரே ஒரு சி.எஸ்.ஆர்.தான் தெரியும். வேம்புலியம்மாளை அழைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டர் நிமிர்ந்தார். “இன்னாம்மா, மறுபடியும் வந்துகீற? நாளைக்கு வான்னு சொன்னேன்ல.”

“நீ சொல்ற நாளைக்கு எந்தக் காலண்டர்ல கீது சார்?” என்றாள் வேம்புலியம்மாள்.

கிருஷ்ணப்பிரியா பெஞ்சில் உட்கார்ந்தாள். “சி.எஸ்.ஆர். வாங்காம வராதேன்னு டைரக்டர் சொல்லிட்டார் சார்.”

“எந்த டைரக்டர்?”

“எங்க டைரக்டர். அஞ்சு மணிக்குள்ள நம்பர் டெல்லிக்குப் போகணுமாம்.”

“இந்தப் பூட்டு விசயமா டெல்லிக்கு?”

“ஆமா சார். போன் போட்டுத் தரட்டுமா?”

“போன்லாம் எதுக்கும்மா,” என்று ரைட்டர் பதிவேட்டை இழுத்தார்.

நாலே முக்காலுக்கு ‘சி.எஸ்.ஆர். வாங்கியாச்சு, 214’ என்ற செய்தி பரந்தாமனுக்கு வந்தது. இணைய விண்ணப்பம் எட்டு இலக்கம் கேட்டது. முன்னால் ஐந்து பூஜ்யம் சேர்த்துப் பார்த்தார். அந்த எண் வேறொரு அறக்கட்டளையுடையது என்று பதில் வந்தது. அதற்குள் ஐந்து அடித்துவிட்டது.

எண் விழுந்த புகாருக்கு நிலையம் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் வியாழன் காலை ரைட்டரே வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். ஒன்பது மணிக்குப் பூட்டு திறந்தது. வேம்புலியம்மாள் சான்றிதழோடு நேராக அறக்கட்டளைக்கு வந்தாள்.

“இன்னா சார், மூஞ்சி வாடிக்கீது?”

“சாருக்கு சி.எஸ்.ஆர். கிடைக்கலக்கா,” என்றாள் கிருஷ்ணப்பிரியா, தலை நிமிராமல்.

“அய்ய, உன் ஊட்டையும் பூட்டிட்டானுங்களா சார்?”

பரந்தாமன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பயப்படாத சார், ஸ்டேசனுக்கு நான் கூட வரேன். நாளைக்கு மட்டும் வாணாம், காலேஜு கீது.”