எண்பத்தேழாம் நம்பர் தொப்பி

எங்கள் பக்கெட் தொழிற்சாலையில் ஒரே வருடத்தில் அறுபது பேருக்கு வேலை உண்டாக்கியவன் நான்தான். முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குனிந்து நிமிர்ந்து கை வலிக்கச் செய்தவன் நான். கேட் வாட்ச்மேனுக்கு இப்படி ஒரு கொடுப்பினை வாய்க்கும் என்று பெண் கொடுத்த என் மாமியார்கூட எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

முதலில் தொப்பிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கேட்டைத் தாண்டியதும் வலது பக்கச் சுவர் முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு நீலத் தொப்பி. வேலைக்கு வருகிறவர் தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போவார். திரும்பும்போது மாட்டிவிட்டுப் போவார். முன்பு வருகையைக் குறிக்க ஒரு மெஷின் இருந்தது. பிளாஸ்டிக் உருக்கும் சூட்டில் அதற்குக் கிறுக்குப் பிடித்து, மேனேஜர் ஒரே நாளில் நூற்று நாலு மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்டிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தொப்பி. காலை ஏழேகாலுக்கு நான் வெறும் ஆணிகளை எண்ணி ஆபீசுக்குச் சொல்வேன். எத்தனை வெறும் ஆணியோ அத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபது வருடமாக நாற்பது ஆணிதான். ஒன்றாம் நம்பர் என்னுடையது.

கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரியைக் குறைத்த வருடம் என் மருமகனுக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவரும் இதே தொழில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பக்கெட் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். அச்சிலிருந்து வெளிவரும் பக்கெட்டின் விளிம்பில் வளர்ந்த நகம்போலப் பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வளைந்த கத்தியால் சீவ வேண்டும். மற்றவர்கள் சீவினால் துண்டு துண்டாக உதிரும். என் மருமகன் சீவினால் முழு வளையமாக ஒரே சுற்றில் கழன்று வரும். அந்த வளையங்களைக் கோத்து என் மகள் துணி காயப்போடக் கொடி கட்டினாள். போன வருடப் புயலில் வீட்டுக் கூரை போயிற்று, கொடி நின்றது.

அந்தக் கம்பெனியை மூடியதும் இருவரும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவர் ஏழு மாதமாக அந்த மூன்றாம் நாளிலேயே இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி நாற்காலியில்தான் உட்காருவார். மீதிப் பாதி மாமனாருக்குச் சொந்தம் என்று நினைப்பு. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையை வாங்கி அப்படியே என் மகள் கையில் கொடுத்துவிட்டு வேலை தேடப் போவார். போன செருப்பு தேய்ந்து திரும்பும்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. புதிதாக அறுபது பேரை வேலைக்கு வைக்கும் கம்பெனிக்கு வரி பாதி. முதலாளி மெஷின்களை நிறுத்தச் சொல்லி எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"மலை மேல மழை பெஞ்சா ஆறு கீழ வராமலா போகும்? எங்கிட்ட மிஞ்சறது உங்ககிட்டதான் வரும்."

நாங்கள் கை தட்டினோம். பக்கெட் செய்கிறவர்கள் அல்லவா, தண்ணீர் வருகிறது என்று யார் சொன்னாலும் நம்பிவிடுவோம்.

மறுநாளே மேனேஜர் கேட்டுக்கு வந்தார். "பெரியவரே, தெரிஞ்ச ஆளுங்க பேரு, அடையாள அட்டை நகல் எல்லாம் கொண்டு வாங்க. அறுபது பேர் வேணும்."

"வேலைக்கா சார்?"

"பின்ன, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கவா?"

முதல் பெயராக மருமகன் பெயரைக் கொடுத்தேன். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன மாமா எழுதியிருக்கு?"

"வேலைன்னு எழுதியிருக்கு மாப்ளே. அதுக்கு மேல படிச்சா கண்ணு பட்டுரும். கையெழுத்தப் போடுங்க."

போட்டார். அன்றைக்கு முழு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

தச்சர் வந்து சுவரில் இன்னும் அறுபது ஆணி அடித்தார். அறுபது புதுத் தொப்பி வந்தது. மருமகனுக்கு எண்பத்தேழு. திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள் என்று நான் முகச்சவரம் செய்துகொண்டு நின்றேன். ஒரு லாரி வந்தது. அதிலிருந்து ஒரு மெஷின் இறங்கியது. பக்கெட்டுக்குக் கைப்பிடிக் கம்பியை அதுவே வளைத்து அதுவே மாட்டும். அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பன்னிரண்டு பேர் அன்று சாயங்காலம் தொப்பியை மாட்டிவிட்டுப் போனவர்கள்தான்.

"சார், புது ஆளுங்க எப்ப வருவாங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"ஆள வச்சு என்ன பண்றது பெரியவரே? ஊர்ல வீட்டுக்கு நாலு பக்கெட் கெடக்கு. வரி குறைஞ்சதுன்னு ஜனங்க ரெண்டு தடவை குளிப்பாங்களா?"

"அப்ப அந்த மழை?"

"எந்த மழை?"

"மலை மேல பெஞ்சது."

"அது மேலயே அணை கட்டியாச்சு."

அணை என்றது முதலாளி வீட்டில் வெட்டிய நீச்சல் குளத்தை. அதன் மறுகரை தெரியாது என்றும், முதலாளியம்மா காலையில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பக்கம் கரையேறுவார் என்றும் அவர்கள் கார் டிரைவர் சொன்னார். டிரைவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். நான் அப்படியில்லை.

என் புது வேலையை மேனேஜர் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் அறுபது புதுத் தொப்பிகளையும், வீட்டுக்குப் போன பன்னிரண்டு பேரின் தொப்பிகளையும் நானே கழற்றிச் சாக்கில் போட்டு என் ஸ்டூலுக்கு அடியில் வைக்க வேண்டும். சாயங்காலம் திரும்ப மாட்ட வேண்டும். ஏழேகாலுக்கு எண்ணினால் நூறு வெறும் ஆணி. நூறு பேர் வேலையில்.

"இது தப்பில்லையா சார்?"

"நீங்க பேசாம இருங்க. நெசமாவே ஒரு இடம் காலியானா மொத ஆளு உங்க மாப்பிள்ளைதான்."

நான் பேசாமல் இருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் ஒரு வருடம் இருந்தேன்.

தொப்பிகள் புதுசாகப் பளபளக்கின்றன, சோதனைக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று மேனேஜருக்குப் பயம். எனவே அவற்றை அழுக்காக்கும் பொறுப்பும் எனக்கே. ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து வெயிலில் நின்றேன். எல்லாம் ஒரே ஆளின் வியர்வைபோல இருக்கக் கூடாது என்றார். தொப்பிக்கு ஒரு கவலை வீதம் நினைத்துக்கொண்டு வியர்த்தேன். ஒன்றுக்குப் பல்வலி, ஒன்றுக்கு அண்டைவீட்டுச் சண்டை, ஒன்றுக்குப் பெண்டாட்டி. எண்பத்தேழுக்கு மட்டும் கவலையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போனால் மருமகன் தினமும் கேட்பார். "எம்பத்தேழு எப்படி இருக்கு மாமா?"

"நல்லா உழைக்குது மாப்ளே."

"எனக்குத்தான் கொடுத்து வைக்கலை," என்று சிரிப்பார். வெளியே வேறு வேலை தேடுவதையும் அவர் விடவில்லை.

ஒருநாள் மதியம் வரி ஆபீசர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பேனா, இன்னொரு பேனா காதில். சுவரைப் பார்த்தார். நூறு வெறும் ஆணி. உள்ளே போய் எண்ணினார். இருபத்தேழு தலை, என்னைச் சேர்த்தால் இருபத்தெட்டு. மீதிப் பேர் அடுத்த ஷிப்டு என்றார் மேனேஜர். "அப்போ அவங்க தொப்பி ஏன் ஆணியில் இல்லை?" என்று கேட்டார் அந்த அம்மா. மேனேஜர் தானும் ஒருமுறை ஆணிகளை எண்ணிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மருமகன் என் சாப்பாட்டு டப்பாவோடு கேட்டுக்குள் வந்தார். நான்தான் காலையில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அந்த மறதியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"நீங்க யாரு? இங்க வேலை பார்க்கறீங்களா?" என்றார் ஆபீசர்.

மருமகன் என்னைப் பார்த்தார். இல்லை என்றால் தொழிற்சாலைக்குச் சலுகை போகும், எனக்கு வேலை போகும், வீடு மொத்தமும் தெருவுக்கு வரும். ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மேனேஜர் தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினார். அந்த ஆட்டலில் ஒரு வேலை இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது.

"எம்பத்தேழாம் நம்பர் மேடம்," என்றார் மருமகன்.

"தொப்பி?"

நான் சாக்கில் கைவிட்டு எடுத்தேன். "தொவைக்கப் போட்டிருந்தேன் மேடம்."

அளவெடுத்துத் தைத்ததுபோல அவர் தலையில் உட்கார்ந்தது. பிசிறு வெட்டும் மேஜைக்குப் போனார். கத்தியை எடுத்து விரல் நுனியில் கூர் பார்த்தார். பிறகு முதல் பக்கெட்டை இடது கையால் ஒரு சுழற்று. வளையம் முழுசாகக் கழன்று காற்றில் எழும்பி மேஜையில் விழுந்தது. நாற்பது நிமிடம். பக்கத்து மேஜைக்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றே கால் வருடமாக வேலையைத் தொடாத மனிதர், பசித்தவர் சாப்பிடுவதுபோலச் சீவினார். ஆபீசர் அம்மா ஒரு வளையத்தை எடுத்துக் கையில் வளையலாகப் போட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல ஆளை எங்க பிடிச்சீங்க?"

"வரியைக் குறைச்சதால கெடைச்சார் மேடம்," என்றார் மேனேஜர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அந்த அம்மா இரண்டு பேனாவாலும் எழுதினார். எண்பத்தேழாம் நம்பரை நேரில் பார்த்ததாகவும், அதன்மேல் மீதிப் பேரையும் நம்புவதாகவும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மருமகன் தொப்பியைக் கழற்றித் தன் ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்ததை நேராக்கினார். பிறகு மேனேஜரிடம், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றார் மேனேஜர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்த மாதத்தோடு உதவித்தொகை நின்றது. வேலைவாய்ப்பு ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் வேலை இருக்கே."

"இல்லைங்க."

"ஆபீசர் நேர்ல பார்த்திருக்காங்க. நீங்க வேலை பார்க்கலையா?"

"பார்த்தேங்க. நாப்பது நிமிஷம்."

"அப்புறம் என்ன," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார் குமாஸ்தா.

வேறு கம்பெனிகளில், பழைய இடத்திலிருந்து விடுவித்த கடிதம் கொண்டு வா என்றார்கள். மேனேஜரைக் கேட்டேன். அறுபதில் ஒன்று குறைந்தாலும் சலுகை போய்விடும், சலுகைக் காலம் முடியும்வரை மூன்று வருடம் பொறுக்கச் சொன்னார். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த ஆபீசர் அம்மாவிடமே போய் உண்மையைக் கக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ உங்க மருமகன் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கார். தொப்பியை அழுக்காக்கினது நீங்க. மொதல்ல யார் மேல கேஸ் போடட்டும், சொல்லுங்க."

"ரெண்டு பேரும் வீட்ல கேட்டுச் சொல்றோம் மேடம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வருடக் கடைசியில் சிறந்த தொழிலாளிக்கான சான்றிதழ் எண்பத்தேழாம் நம்பருக்குக் கிடைத்தது. ஒருநாள்கூட லீவு போடவில்லையாம். நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். மருமகன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பாதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு வரியை இன்னும் குறைத்தார்கள். இந்த முறை கேட்டுக்கு மோட்டார் வந்தது. தானே திறக்கும், தானே மூடும். சுவரில் ஆணிகளுக்குப் பின்னால் ஏதோ கம்பிகளை ஓட்டினார்கள். ஏழு மணிக்கு ஒரு சத்தம் வரும். ஆள் எடுக்காத தொப்பியெல்லாம் ஆணியைவிட்டு எழும்பி, சுவரில் உள்ள பெட்டிக்குள் போய்விடும். நான் பொய் சொல்வதாக நினைப்பவர்கள் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"உங்களை நிறுத்தலை பெரியவரே," என்றார் மேனேஜர். "உங்க ஆணி அப்படியே இருக்கும். நீங்கதான் வர வேண்டியதில்லை."

இப்போது என் மகள் சொல்கிறாள்: "வீட்ல ரெண்டு பேர் வேலையில இருக்கீங்க. அது மாவு டப்பாவுக்கு மட்டும் தெரியலைப்பா."

அவள் எழுவதற்கு முன்பே நானும் மருமகனும் கிளம்பிவிடுகிறோம். வேறு போக்கிடம் இல்லாததால் தொழிற்சாலைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் உட்காருகிறோம். கேட் கம்பிகளின் வழியாகச் சுவர் தெரியும். ஒன்றாம் நம்பர் மேல் வரிசையில், எண்பத்தேழு கீழே ஓரமாக. ஏழு அடிக்கும். தொப்பிகள் எழும்பும்.

"மாமா," என்பார் அவர், "உள்ள போயிட்டோம்."