மோத்தியைக் காப்பாற்றியவர்

சென்னிமலை அந்த நாயைக் காப்பாற்றிய கதையைக் கேட்காதவர்கள் ஊரில் இருக்க முடியாது. எவராவது தப்பித்திருந்தால் அவரைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துச் சொல்லி முடித்துவிடுவார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு மேனேஜராகப் போய் சத்தீஸ்கர் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்த காலம். குழாய் இறக்கிய இடத்துச் சேற்றுக்குழியில் ஒரு குட்டிநாய் மூழ்கிக் கொண்டிருந்ததாம். கூட இருந்த பையன்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்களாம். இவர்தான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாராம். முதலில் சொல்லும்போது சேறு முழங்கால் அளவு இருந்தது. வருடத்துக்கு வருடம் ஏறி இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. போன ஆடிக்கு அது அவர் மூக்கைத் தொட்டுவிட்டது.

சரி, இறங்கினார், எடுத்தார். அது ஒரு சாயங்காலத்து வேலை. கால் விழுந்துபோன பிறகு அதே நாய்க்கு நாலு வருடமாகப் பீ மூத்திரம் அள்ளியது யார்? அவர் பெண்டாட்டி சாரதாமணி. அந்தப் பகுதி கதையில் என்றைக்கும் வந்ததில்லை.

மோத்தி என்று பெயர் வைத்தது ரிக்கில் வேலை செய்த வடக்கத்திப் பையன்கள். கருப்பு நாய். நெஞ்சில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. எட்டு வருடம் ரிக் வண்டியிலேயே ஊர் ஊராகச் சுற்றியது, குழாய்க்குக் காவல் படுத்தது, தாபா தாபாவாக ரொட்டி தின்றது. இடுப்பு பிடித்துக்கொண்டு பின்னங்கால் இழுக்க ஆரம்பித்ததும், மழைக்கு வண்டிகள் ஊர் திரும்பிய சமயத்தில், சென்னிமலை அதைத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"ரெண்டே மாசம் பாத்துக்க சாரதா. கால் சரியானதும் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்" என்றார்.

கால் சரியாகவில்லை. அவர் மட்டும் போய்விட்டார்.

சாரதாமணிக்கு நாய் என்றாலே ஆகாது. சின்ன வயதில் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடிய ஒரு நாய்மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்டவள் தலையில்தான் இது வந்து விடிந்தது. ஈரோட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொள்ள வாகாகச் சிவப்பு நூலில் காது வைத்துத் தைத்தாள். அதை மோத்தியின் அடிவயிற்றில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டால், முன்னங்காலை வைத்து அது நடக்கும். அப்படியே தெருக்கோடி வேப்பமரம் வரைக்கும் போய்விட்டு வருவார்கள். ஊரே பார்க்கும். "மாமியாளுக்குக்கூட இத்தனை பண்ணுலியே சாரதா" என்று பக்கத்து வீட்டுப் பாவாயி ஒருநாள் சொன்னாள். சாரதாமணி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாமியாருக்கும் அவள்தான் பண்ணினாள், இதே பாவாயி அதையும் பார்த்தாள். இவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது?

தமிழில் கூப்பிட்டால் நாய் திரும்பாது. ஆஜா என்றால் வரும், பைட்டோ என்றால் உட்காரும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாய்க்காக இந்தி படித்த பொம்பளை நாமக்கல் ஜில்லாவில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே சிரிப்பு வரும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாய் அவளுக்காக ஒருநாளும் எழுந்ததில்லை. சோறு வைத்தால் தின்னும், புண்ணுக்கு மருந்து தடவினால் பேசாமல் படுத்திருக்கும். ஆனால் ரோட்டில் ஒரு ரிக் வண்டியின் சத்தம் கேட்டுவிட்டால் போதும். காது இரண்டும் தூக்கிக்கொள்ளும். செத்த காலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்னங்காலாலேயே கேட் வரைக்கும் போய்விடும். வண்டி தாண்டிப்போன பிறகும் அங்கேயே கிடக்கும். "வரமாட்டாருடா உங்கொப்பன்" என்று திட்டிக்கொண்டே சாரதாமணி துண்டை எடுத்துக்கொண்டு போவாள். திட்டினாலும் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் அவள் பேசினால் முகத்தைப் பார்த்துக் கேட்க இருந்த ஒரே உயிர் அது. பிடித்துத்தான் போனது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

இந்த ஆடியில் ஓசூரில் இருந்த மகள் தனப்பிரியாவுக்கு இரண்டாவது பிரசவம். தாய் போகாமல் முடியாது. மூன்றாவது மாடியில் வாடகை வீடு, நாயைக் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. ஆடிக்கு ஊர் வந்திருந்த சென்னிமலை, "நீ போய்ட்டு வா, நானிருக்கறேன்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் பையை எடுத்தாள்.

"மூணு வேளையும் துண்டு குடுத்து வெளிய கூட்டிக்கிட்டுப் போகோணுங்க. ஒரே பக்கமாப் படுக்க உட்டுப்போடாதீங்க, புண்ணு வந்துரும். அப்பப்பப் பொரட்டிப் போடோணும்."

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்? அதச் சேத்துல எறங்கி எடுத்தவனே நானு."

"எடுக்கறது வேறைங்க" என்றாள் சாரதாமணி. அது அவர் காதில் ஏறவில்லை.

ஓசூரில் பேத்தி பிறந்தாள். வெந்நீர், பத்தியச்சோறு, மூத்த பேரனின் பிடிவாதம் என்று அவளுக்கு நிற்க நேரமில்லை. ஆனாலும் தினமும் போன் போட்டுவிடுவாள். முதல் இரண்டு நாள் சென்னிமலை விலாவாரியாகச் சொன்னார். அப்புறம் பேச்சு சுருங்கிப்போனது. நல்லாருக்குது. தின்னுச்சு. தூங்குது. எப்போது கேட்டாலும் தூங்குது.

"செரி, ஒரு போட்டோப் புடிச்சு அனுப்புங்க. கண்ணுல பாத்தாத்தான் மனசு ஆறும்."

நெடுநேரம் கழித்து போட்டோ வந்தது. வாசலில் மோத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் பின்னால் முருங்கை மரம் பூவும் பிஞ்சுமாக நின்றது. சாரதாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரம் இரண்டு மாதத்துக்கு முன்பே வைகாசிக் காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. அதை வெட்டி வெந்நீர் அடுப்புக்கு வைத்து எரித்தவளே அவள்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் தனப்பிரியா.

"ஒண்ணுமில்ல சாமி. ஊடு வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்."

மறுநாள் விடியற்காலைப் பஸ். வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்ததும் முதலில் வந்தது பினாயில் வாசம். மோத்தி படுக்கிற சாக்கு இல்லை, தண்ணீர்க் கிண்ணம் இல்லை. சென்னிமலை இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாய் எங்கீங்க?"

"நீ என்ன, சொல்லாமக் கொள்ளாம..."

"மாமா, நாய் எங்கீங்க?"

சுற்றி வளைத்தார். கூட்டாளிகள் ஆடிக்கு வந்திருந்தார்கள், கறிச்சோறு ஆக்கினோம், அந்த நேரம் பார்த்து அது வாசலிலேயே வெளிக்கு இருந்துவிட்டது, நாற்றம் தாங்கவில்லை என்றார். அப்புறம்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நாயை நடத்திப்போனபோது, அந்தக் கூட்டாளிகளில் ஒருவன், "மேனேஜரே, ரிட்டையர் ஆகி ஆயா வேலைக்குச் சேந்துட்டீங்களாக்கும்" என்று கேட்டுவிட்டானாம். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்களாம். அடேங்கப்பா! நாலு வருடம் ஊர் சிரித்ததை அவள் தாங்கினாள். இவருக்கு ஒரு சாயங்காலச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"அதுக்குன்னு என்ன பண்ணுனீங்க?"

"கொன்னா போட்டுட்டேன்? ஓமலூர் தாண்டி, நாங்க வடக்க போறப்ப எப்பவும் நிக்கிற தாபா இருக்குதல்ல, அங்க கொண்டி உட்டேன். ரோட்டுலயே வளந்த நாயி சாரதா. தாபாதான் அதுக்குச் சொந்த ஊடு மாதிரி. ரொட்டி கெடைக்கும். இந்திக்காரப் பசங்க இருக்கறாங்க. இங்கத்தைய விட அங்க சந்தோசமா இருக்கும்."

சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. அதுதான் கொடுமை. ரிக்கிலேயே ஆயுசைக் கழித்த மனுசன். ஒரு தாபா இருந்துவிட்டால் எந்த உயிரும் பிழைத்துக்கொள்ளும் என்று நிஜமாகவே நம்பினார். நாலு காலும் இருந்த நாய்தான் தாபாவில் வளர்ந்தது என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

"வண்டிய எடுங்க" என்றாள்.

பழைய ஆம்னி வேனில் சேலம் தாண்டிப் போகும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கும், கிடைத்துவிடும், மெலிந்திருக்கும், புண் வந்திருக்கும், தேற்றிவிடலாம் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தாள். தாபாவில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது துண்டுதான். ஒரு ஆள் பிளாஸ்டிக் மேசைமேல் சிந்தியிருந்த குழம்பை அதைக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு ஓரத்திலும் அவள் வைத்துத் தைத்த காது, சிவப்பு நூல்.

அந்த ஆள் பெயர் சின்னான். மேசை துடைப்பதும் தட்டு கழுவுவதும் அவன் வேலை.

"இந்தத் துண்டோட ஒரு கருப்பு நாயி வந்துச்சுங்களா?"

"ஆமாம்மா, பின்னங்கால் வராத நாயி. எவனோ ஒருத்தன் ராத்திரில பின்னாடி சந்துல எறக்கி வுட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம பூட்டான். நாந்தான் ரொட்டி போட்டேன். நல்ல நாயிம்மா, கத்தவே கத்தாது. போர் வண்டி சத்தம் கேட்டா மட்டும் அதுக்கு இருப்பு கொள்ளாது. முந்தாநாளு நாலஞ்சு போர் வண்டிங்க வரிசையா வடக்க போச்சு. இது பின்னாடியே இழுத்துக்கினு ரோட்டுக்குப் பூடுச்சு. கூப்புட்டேன், ஓடுனேன். பின்னாடி வந்த டேங்கர்காரன் பாக்கலம்மா. ராவே அந்தக் கருவேல மரத்தாண்ட குழி தோண்டிப் பொதைச்சிட்டேன்."

சாரதாமணியின் கண் ரோட்டுக்குப் போனது. காலையில் அவள் வந்த பஸ் இந்த ரோட்டில்தான் வந்தது. ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறாள்.

"இப்படிக் கொண்டாந்து வுட்டவன் நல்லாருப்பானாம்மா?" என்றான் சின்னான்.

"த்சொ, பாவம்" என்றார் சென்னிமலை. "மனசாட்சி இல்லாதவனுக."

சாரதாமணி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கருவேல மரத்தையும் பார்க்கவில்லை. சின்னானிடம் இரண்டு டீ சொன்னார். அவள் குடிக்கவில்லை. துண்டை மட்டும் கேட்டு வாங்கி, குழாயடியில் அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அவர் எதையெதையோ சொல்லிக்கொண்டு வந்தார், அவள் ஈரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மறுநாள் எப்போதும்போல் சோறு போட்டாள், துணி துவைத்தாள். மனுசன் அழுவார், தப்புத்தான் என்று ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் நிஜம்.

அதற்கும் மறுநாள் காலை, பால் பாக்கெட் வாங்க டீக்கடைக்குப் போனாள். பெஞ்சில் சென்னிமலை உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டு ஆம்பளைகள். அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"...மூக்கு வரைக்கும் சேறு. நானு உட்டனா? இழுத்துப் போட்டன்ல! அன்னிலிருந்து பன்னண்டு வருசம். கடேசில கால் வரல, எந்திரிக்க முடியல. அப்பவும் உடல. துண்டக் குடுத்துத் தூக்கித் தூக்கி வெளிய கொண்டு போவேன். வயசாகிப்போச்சு, என்ன பண்றது? நாஞ் சோறு ஊட்ட ஊட்டத்தான் உசுரு போச்சு."

"புண்ணியவானய்யா நீ" என்றார் ஒருவர்.

சாரதாமணி ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுப் பக்கம் இதுவரை போனதில்லை. பாலை வாங்கினால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவாள். அன்றைக்கு நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, கதைய முழுசாச் சொல்லிப்போடுங்க. ஓமலூர்த் தாபாவுக்குப் பின்னாடி சந்துல எறக்கி உட்டதயும் சொல்லுங்க. உங்க வண்டிதேன் வருதுன்னு நெனச்சு ரோட்டுக்குப் போய் டேங்கர்ல மாட்டிச் செத்ததயும் சொல்லுங்க. இவங்கல்லாம் தெரிஞ்சுக்கோணுமல்லங்க."

"ஊட்டுக்குப் போ சாரதா" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"போறனுங்க. அதுக்கு மின்ன ஒரே ஒரு சந்தேகம். உங்க முட்டி ரெண்டும் போயிட்டே இருக்குது. இன்னும் நாலஞ்சு வருசத்துல உங்களயும் துண்டு குடுத்துத்தேன் தூக்கோணும். எனக்கு முடியாமப் போச்சுன்னா எந்தத் தாபாவுல எறக்கி உடோணும்னு இப்பவே சொல்லிப்போடுங்க. நீங்களும் ரோட்டுலயே வளந்தவருதான? அங்கதேன் சந்தோசமா இருப்பீங்க."

புண்ணியவான் என்று சொன்ன மனுசர் காலி கிளாசை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பால் பாக்கெட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். வேப்பமரத்தைத் தாண்டும்போதே, பாவாயி கேட்டருகே நின்று, "ஏஞ் சாரதா, நெசமாலுமா?" என்று கேட்டாள். அவள் வீட்டை எட்டும் முன்பே கதை அவளை முந்திக்கொண்டு தெருவுக்குள் போயிருந்தது.