மெத்தையைத் தூக்காமல்

கட்டிலுக்குப் பாவாடை தைக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஒருமுறை சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மெத்தைக்குக் கீழே ஆரம்பித்துத் தரை வரை மூன்று பக்கமும் தொங்குகிற துணி அது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிற கண்றாவி எதுவும் வீட்டுக்கு வந்தவர் கண்ணில் படாமல் மறைப்பதுதான் அதன் வேலை. பெரிய கடைகளில் பெட் ஸ்கர்ட் என்று நாகரிகமாகச் சொல்வார்கள். என் கடையில் பாவாடைதான். முப்பத்தொரு வருஷமாகத் திரைச்சீலை, சோபா உறை, குஷன் என்று தைக்கிறவன் நான். தெருவில் என்னை மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இஞ்ச் டேப் என்பார்கள். தையல் ஒரு நூல் கோணினாலும் பிரித்துப் போட்டுவிடுவேன் என்பதால் வந்த பேர். இப்படிப்பட்ட நான் என் சொந்தக் கட்டிலில் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மனைவி மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாள், பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பத்து இருபதாயிற்று, இருபது மாதக்கணக்காயிற்று. நான் போன் பண்ணினால் “சாப்பிட்டீங்களா” என்பாள். “ம்” என்பேன். வைத்துவிடுவோம். வந்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீம்பு. ஒருநாள் மகள் போனை வாங்கி மூஞ்சியில் அடித்த மாதிரி கேட்டாள்.

“அம்மா அங்க வந்தா மறுபடியும் மெத்தையைத் தூக்கணும். அதுக்கா அனுப்பி வைக்கணும்?”

“மெத்தையை எதுக்குத் தூக்கணும்?”

“உங்க பாவாடையை மாட்றதுக்குத்தான்ப்பா. மாசத்துக்கு ரெண்டு தடவை கழட்டித் துவைச்சு மாட்டுவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

நான் தைத்து வைத்திருந்தது பழைய மாதிரிப் பாவாடை. நடுவில் கட்டில் அளவுக்கு ஓர் அடித்துணி, அதன் மூன்று ஓரத்திலும் சுருக்கு வைத்துத் தைத்த தொங்கல். அடித்துணியைப் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் விரித்தால்தான் தொங்கல் நேராக நிற்கும். பார்க்க ராஜ களையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை விரிக்க, எங்கள் வீட்டுத் தேங்காய்நார் மெத்தையை ஒரு பக்கம் தூக்கித் தோளில் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் துணியை இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் என்னைக் கூப்பிடத்தான் செய்தாள். “கொஞ்சம் புடிங்களேன்” என்பாள். “இப்பத்தானே கடையிலேர்ந்து வந்து உக்காந்தேன்” என்பேன். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அதை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

மகள் கேட்ட அன்றைக்கே முடிவு பண்ணினேன். மெத்தையைத் தொடக் கூடாது. குனிந்து மண்டியிடக் கூடாது. ஒரு மோடாவில் உட்கார்ந்தபடி, தனி ஆளாக, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் மாட்டிவிட வேண்டும். அப்படி ஒரு பாவாடை தைத்துக் கட்டிலில் மாட்டிவிட்டு அவளைக் கூப்பிடுவது. வந்து பார்த்தால் தங்கிவிடுவாள் என்று நம்பினேன். வாயால் கேட்கத் தெரியாதவன் தையலால் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

என் கடைக்கு அடுத்த கடை மெத்தைக்காரருடையது. மத்தியானம் வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டும்போது வந்து உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிற மனிதர். விஷயத்தைச் சொன்னதும், இருப்பதிலேயே ஒரு பழைய கட்டிலை என் கடைக்குள் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு மெத்தையையும் போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டார்.

“மாட்டுங்க மாஸ்டர். நான் நேரம் பாக்கறேன்.”

முதலில், வெல்க்ரோ என்கிற ஒட்டும் பட்டையைக் கட்டில் சட்டத்தில் பசை போட்டு ஒட்டித் துணியை அதில் அமுக்கினேன். பதினொரு நிமிஷம். கழற்றும்போது பட்டையோடு பாலிஷும் உரிந்து வந்தது. “கட்டிலுக்குத் தோல் வியாதி வந்துடுச்சு மாஸ்டர்” என்றார் மெத்தைக்காரர். அடுத்தது, தொங்கலின் மேல் ஓரத்தில் அகலமான எலாஸ்டிக்கைத் தைத்து மெத்தையைச் சுற்றிப் போட்டேன். ஏழு நிமிஷம். ஆனால் நீளவாட்டுப் பக்கத்தின் நடுவில், பெல்ட் போடாத பேண்ட் மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து, போய் உங்கள் கடையைப் பாருங்கள் என்று விரட்டிவிட்டேன். மறுநாள் மத்தியானம் வழக்கம் போல வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது மாதிரி சரியாக வந்தது. கட்டில் சட்டத்தைச் சுற்றி ஒரு பட்டி. தோள்பை வாரில் இருக்குமே, அது மாதிரி இழுத்தால் இறுகுகிற பூட்டு அதற்கு. கட்டில் அகலமானாலும் குறுகலானாலும் கவலை இல்லை. தொங்கலை மூன்று தனித்தனித் துண்டாகப் பிரித்து, கால் பக்கத்து மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்படி விட்டேன். மேல் ஓரத்தில் திரைச்சீலைக்குத் தைக்கிற நாடா. அதில் வரிசையாக மூன்று அடுக்குக் குட்டிப் பைகள் இருக்கும். கொக்கியை மேல் அடுக்கில் செருகினால் துணி இறங்கும், கீழ் அடுக்கில் செருகினால் ஏறும். உயரமான கட்டிலுக்கும் ஆகும், தாழ்வான கட்டிலுக்கும் ஆகும். கொக்கியைப் பட்டியில் மாட்டினால் வேலை முடிந்தது. நாலு நிமிஷம்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. கொக்கிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? ஒன்றரைச் சாண் விட்டேன், துணி தொய்ந்தது. அரைச் சாண் விட்டேன், மாட்டுவதற்குள் கை ஓய்ந்தது. ஒரு சாண் விட்டேன். இழுத்து வைத்தாற்போல நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே சாண் கணக்கை நான் முன்னமே ஒரு கட்டிலில் பார்த்திருக்கிறேன்.

ஆறு வருஷம் இருக்கும். மெத்தைக்காரரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். படுக்கையறையைக் காட்டப் போனால், கட்டில் பாவாடையின் அடித்துணியைக் காணோம். என் மனைவி அதை வெட்டி எடுத்துவிட்டு, தொங்கலை மட்டும் மெத்தையின் ஓரத்தில் ஊக்கு குத்தி மாட்டியிருந்தாள். சாணுக்கு ஓர் ஊக்கு. தரையில் புரளாமல் இருக்க மேல் ஓரத்தைக் கொஞ்சம் மடித்து விட்டிருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“தையல்காரன் வீட்டுக் கட்டில்ல ஊக்கா? நாலு பேர் பாத்தா காறித் துப்ப மாட்டான்? தைக்கத் தெரியாதவளுக்குக் கத்தரிக்கோல் எதுக்கு?”

“மெத்தையைத் தூக்க வேணாமேன்னுதாங்க…”

அவள் முடிப்பதற்குள் எல்லா ஊக்கையும் பிடுங்கிக் கீழே போட்டேன். வந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் உட்கார்ந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒன்றில் ஒன்றைக் கோத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் மறுநாளே அடித்துணியை மறுபடி வைத்துத் தைத்தேன், இனிமேல் வெட்ட முடியாதபடி இரட்டைத் தையல் போட்டு.

ஆக, நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அவள் ஒரு மத்தியானத்தில் ஊக்கு டப்பாவை வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறாள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு அந்த ஊக்குகளுக்குப் பதில் நாலு கொக்கி தைத்துக் கொடுத்திருந்தால் போதும். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் அவள் தூக்கிய மெத்தை முழுக்க என் கணக்கில்தான் சேரும். மெத்தைக்காரருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

வீட்டுக் கட்டிலில் புதுப் பாவாடையை மாட்டிவிட்டுப் போன் பண்ணினேன். “ஒண்ணு தைச்சிருக்கேன். வந்து பாத்துட்டுப் போயேன்” என்றேன். இரு என்று சொல்லத் தெரியாமல், போயேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு வந்தாள். கையில் ஊன்றுகோல். இளைத்திருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது, அது எனக்கு என்னவோ போல இருந்தது. கட்டிலைப் பார்த்ததும் நின்றாள். நான் மோடாவை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்து, பாவாடையை மொத்தமாகக் கழற்றி அவள் மடியில் வைத்தேன்.

“நீயே மாட்டிப் பாரு.”

உட்கார்ந்தபடியே மாட்டினாள். ஒரு பக்கம் முடிந்ததும் மகள் மோடாவை நகர்த்திக் கொடுத்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் தடவை மாட்டுகிறவளுக்கு நாலே நிமிஷம். கடைசிக் கொக்கியை மாட்டியதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

“என் ஊக்கு மாதிரியே இருக்கு” என்றாள்.

“உன்னுதுதான்” என்றேன். மன்னிப்புக் கேட்க நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் இவ்வளவுதான் வெளியே வந்தது.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஊன்றுகோலின் நுனியால் பாவாடையை லேசாகத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அங்கே என் மூட்டைகள் இருந்தன. கடையில் மிஞ்சும் வெட்டுத் துணி, பாதி சுருள் ரெக்ஸின், பழைய பஞ்சு. எப்போதாவது உதவும் என்று நான் கொண்டுவந்து செருகியவை. ஏழு மூட்டை.

“இதெல்லாம் இன்னும் இங்கயேதான் இருக்கா?”

“எப்பவாவது ஆகும்னுதான்…”

“இதைத் தூக்கிப் போட்டா பாவாடையே வேணாமேன்னு எத்தனை வருஷமா சொல்றேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊன்றுகோலை எடுத்ததும் துணி பழையபடி மூடிக்கொண்டது. எனக்குக் காது சுட்டது. பட்டி, பூட்டு, நாடா, கொக்கி என்று மூன்று மாதம் யோசித்தவனுக்கு, குனிந்து ஏழு மூட்டையை வெளியே இழுக்கலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே.

அவள் தொங்கல் துணியைத் தடவிக்கொண்டே, மகள் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “பாப்பா வீட்டுல நான் படுக்கிற கட்டில் இதைவிடத் தாழ்வு. அகலமும் கம்மி. அதுக்கு இது ஆகுமா?”

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. “எந்தக் கட்டிலுக்கும் ஆகும்! கொக்கியை எடுத்துக் கீழ் அடுக்குல செருகிடு, துணி ஏறிடும். இந்தப் பூட்டை இழு, பட்டி குறுகிடும். மூலையில துண்டு மேல துண்டை ஏத்தி விடு, பிசிறே தெரியாது” என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“அப்பா” என்றாள் மகள்.

“இரும்மா, முழுசாச் சொல்லிடறேன். கழட்டும்போது கொக்கியை மேல தள்ளினாப் போதும். இழுக்காத.”

நான் சொன்னபடியே அவள் கொக்கியை மேலே தள்ளினாள். ஒரு பக்கம் இறங்கியது, அடுத்த பக்கம் இறங்கியது. துண்டுகளைப் பட்டியோடு சேர்த்து மடித்தாள். மகள் எடுத்துக் கொடுத்த பையை நான்தான் விரித்துப் பிடித்தேன். துணி பைக்குள் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

“இந்தக் கட்டிலுக்குன்னுதான் தைச்சேன்” என்றேன்.

“தெரியுதுங்க” என்றாள். “ரொம்ப நல்லா வந்திருக்கு. அங்க நானே மாட்டிப்பேன். யாரையும் கூப்பிட வேணாம்.”

வாசல் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கனமான எதையும் அவள் தூக்கக் கூடாது அல்லவா. வண்டி கிளம்பும் வரை நின்றேன், இருந்துவிடு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமலே. அவளும் கொஞ்சம் தாமதித்துத்தான் ஏறினாள் என்று இப்போது தோன்றுகிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

உள்ளே வந்து பார்த்தால் கட்டில் மொட்டையாக நின்றது. அடியில் ஏழு மூட்டையும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்து, முதுகு பிடித்துக்கொள்ளப் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கொண்டுபோய் வைத்தேன். ஏழாவதை வைத்தபோது மெத்தைக்காரர் வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து எப்போது வரலாம் என்று காத்திருந்திருப்பார்.

“என்ன மாஸ்டர், அவங்க வந்தாங்களா?”

“வந்தா.”

“மாட்டிப் பாத்தாங்களா?”

“பாத்தா. நாலு நிமிஷம்.”

“அடி சக்கை! முதல் தடவையேவா?” என்று என் தோளில் தட்டினார். அப்புறம், வேடிக்கையாகத்தான், மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “கழட்ட?”

“ஒரு நிமிஷம்கூட ஆகல” என்றேன்.