மரக்கோட்டை இருந்த மேடு

அக்கா மேரிறோசுக்கும் அத்தான் பத்திநாதருக்கும் ஒரே சண்டைதான். அது வருடா வருடம் மகன் பிரின்ஸ்டனின் பிறந்தநாளை ஒட்டி வரும். ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில், போர்முனையில் மண் அணை கட்டவென்று பிடித்துச் செல்லப்பட்டவன் திரும்பவேயில்லை. பிறந்தநாள் பூசையை அக்கா அவனுடைய சுகத்துக்காக ஒப்புக்கொடுப்பாள். "செத்தவனுக்கு என்ன சுகம்? ஆன்ம இளைப்பாற்றிக்குக் குடு" என்பார் அத்தான். பூசை எதற்கு என்ற கருத்தைப் பங்குச் சுவாமியிடம் சொல்லும் வேலை, இந்த வெளிநாட்டில், லா சப்பல் தெருவில் கடை வைத்திருக்கும் என் தலையில் விழும். எந்த வருடமும் அக்காதான் வென்றாள்.

இந்த முறை பிறந்தநாளுக்கு முதல் கிழமை, இருவரையும் கடைக்குச் சாமான் ஏற்றும் என் வானில் ஏற்றிக்கொண்டு தூரத்து மாதா கோவில் ஒன்றுக்குப் போனேன். திரும்பும் வழியில், சோற்றுப் பார்சலைப் பிரிக்க ஒரு வயலோரம் நிறுத்தினேன். குளிர், தூறல் வேறு. வயலுக்கு நடுவே புல் மூடிய மேடு, அதைச் சுற்றி அகழி, பக்கத்தில் ஒரு பலகை. ஆயிரம் வருடத்துக்கு முதல் அந்த மேட்டில் சிறிய மரக்கோட்டை ஒன்று இருந்ததாம். எரிந்துபோனதாம். மிச்சம் மண்தானாம். மண்கும்பிக்கும் பலகை வைக்கிற நாடு என்று சலித்துக்கொண்டே, வாசித்ததைத் தமிழில் சொன்னேன்.

அத்தான் பார்சலை மூடிவிட்டு வானுக்குள் போய் இருந்துகொண்டார். அவரும் வன்னியில் அணைக்கு மண் வெட்டியவர். அக்கா அகழிக்குள் இறங்கி, ஈரமண்ணில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கோட்டைக்குள்ளை இருந்த ஆக்கள்?"

"ஆரெண்டு தெரியாதாம்."

"ஒரு பேரும் இல்லையோ?"

"இல்லையாம்."

"அவையை ஒருத்தரும் தேடேல்லையோ?"

எனக்குப் பசி, அதனால் கோபம். "தேடினவையும் எப்பவோ செத்திருப்பினம் அக்கா. வா, சாப்பிடுவம்."

அவள் வரவில்லை. மேட்டைப் பார்த்தபடி, "நானும் செத்தா அவனுக்கு ஆர் பூசை குடுக்கிறது?" என்றாள். என் நாக்கை இழுத்து அறுக்கலாம் போல் இருந்தது.

வானில் ஏறியதும் சொன்னாள்: "தம்பி, நான் இருக்கேக்கையே குடுத்திடுவம். இந்த முறை ஆன்ம இளைப்பாற்றிக்கெண்டு சுவாமியிட்டைச் சொல்லு."

அத்தானுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவரோ, "வாயை மூடடி! வழியிலை கண்ட மண்கும்பியைப் பாத்திட்டுப் பிள்ளையைச் சாக்காட்டுறியோ?" என்று கத்தினார். லா கூர்னெவில், அவர்களுடைய வீட்டு வாசலில் இருவரையும் இறக்கிவிட்டேன்.

அக்கா சொன்னபடியே நான் கருத்தைச் சொல்ல, ஞாயிறு பிறந்தநாள் பூசையில் சுவாமி பிரின்ஸ்டனின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தார். அக்கா அசையாமல் இருந்தாள். அத்தான் எழும்பி வெளியே போனார். பின்னால் போய்ப் பார்த்தேன், கோவில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருடமாக நீங்கள் கேட்டது இதைத்தானே அத்தான், என்றேன்.

"பிள்ளை இருக்கிறானெண்டு அவள் சொன்னபடியாத்தானேடா நான் செத்திட்டானெண்டு சொன்னனான்" என்றார். "இனி இருக்கிறானெண்டு ஆர் சொல்லுறது?"